கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

ஒன்பது வயதில் நான் ஒருவருக்கு மோட்சத்துக்கு வழி செய்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்கிற நிலைமையிலும் அவர் இல்லை. நல்ல மனசோடுதான் செய்தேன், சத்தியமாக. ஆனால் யாராவது நல்ல மனசோடு ஒன்று செய்தேன் என்று ஆரம்பித்தால் நான் இன்றைக்கும் குறுக்கே புகுந்து, கேட்டுவிட்டுச் செய்தீர்களா என்பேன்.

முல்லா வீதியிலிருந்து பிரிகிற சந்தொன்றில் அப்போது குடியிருந்தோம். கீழ்வீடு எங்களுடையது. அம்மா வீட்டிலேயே தைத்துக்கொடுப்பாள். அப்பா காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டினார், விடிகாலை போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மாடியில் ஒரு அக்காவும் அவளுடைய அப்பாவும் மட்டும். அக்காவின் அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அவரை அத்தா என்றே கூப்பிட்டேன். தெருவில் எல்லோரும் பாய் என்பார்கள், எனக்கு அது ஏதோ அந்நிய மனுஷரைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

அத்தா சூட்கேஸ் கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போனது அவர் விற்ற பெட்டிகளோடுதான். வயதாகிக் கடையை விட்டபோது விற்காத பெட்டிகளை எல்லாம் மாடிக்குக் கொண்டுவந்து சுவரோரமாக அடுக்கிவிட்டார். கரும்பச்சை, மெரூன், சாக்லெட் நிறம். லீவு நாளில் மதியச் சாப்பாடு ஆனதும் நான் மேலே ஓடிவிடுவேன். ஜன்னலில் பழைய நீலக் கண்ணாடி. வெயில் அது வழியாக இறங்கி அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து அதற்குள் என்னை உட்காரவைத்து, எங்கேம்மா பிரயாணம் என்பார். பாரீசு என்பேன். பேப்பர் இருக்கா என்பார். கையை நீட்டுவேன். கடையின் பழைய ரப்பர் ஸ்டாம்பை ஊதா மையில் தொட்டு மணிக்கட்டில் ஒன்று குத்துவார். இனி யாரும் நிறுத்த மாட்டாங்க, போயிட்டு வாங்க என்பார். பெட்டிக்குள் புது ரெக்சின் வாசனை அடிக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு கிளம்புவேன். நிஜமாகவே கிளம்பினேன் என்றுதான் எனக்கு ஞாபகம். கடல் தெரிந்தது, ஒரு பாலம் தெரிந்தது. பாரீசில் எல்லோரும் தமிழ் பேசினார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு மட்டும் இல்லை. யாருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைத்தது, யாருக்குப் பேரில் ஒரு எழுத்து தப்பாகி நின்றுபோனது, யார் பிள்ளை அங்கே போனான், யார் பிள்ளை இங்கேயே கிடக்கிறான். இந்தப் பேச்சு இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் நடக்காது, ஒரு சாவு நடக்காது. பேப்பர் இருந்தால் உள்ளே விடுவார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். உலகம் அப்படித்தான் நடக்கிறது என்று நான் தெளிவாக இருந்தேன்.

அந்த மே மாதம் நான் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்க இருந்தேன். லீவில் தினமும் காலையில் மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்பு. சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பொறுமைசாலி. ஞானஸ்நானம் என்பது ஆத்துமாவில் விழுகிற அழியாத முத்திரை என்று சொன்னார். முத்திரை என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். சாகக் கிடக்கிறவருக்கு, அவர் ஆசைப்பட்டால், சாமியார் வர நேரமில்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் சொன்னார். எந்தத் தண்ணீரும் ஆகும் என்றார். நடுவிலிருந்த அந்த 'ஆசைப்பட்டால்' மட்டும் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று காலை மாடியில் சத்தமாக இருந்தது. அக்கா ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்றிருக்கிறாள், மூன்றாவது தடவையாக. அத்தா பொறுமையிழந்து, இனிமே நான் உங்கிட்ட பேசப்போறதில்ல என்றிருக்கிறார். அக்கா, பேசாதீங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு அன்று தெரிந்தது அக்கா படியிறங்கும்போது செருப்பு படபடவென்று கேட்டதும், எப்போதும் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவள் அன்று கிள்ளாமல் போனதும்தான்.

நடுப்பகலில் மேலே ஏதோ விழுந்தது. பெட்டி சரிகிற சத்தம், அதற்குப் பின்னால் இன்னொரு கனமான சத்தம். அம்மா மிஷினை நிறுத்தினாள். அண்ணே, என்ன சத்தம் என்று குரல் கொடுத்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கத் தொங்க அவள் ஓட, நான் பின்னாலேயே ஓடினேன்.

அத்தா பெட்டிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார். தொழுகைக்கு முன்னால் கை முகம் கழுவ, மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் செம்பில் தண்ணீர் எடுத்து வந்து வைத்திருக்கிறார். அது மட்டும் சாயாமல் அப்படியே நின்றது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தது. அம்மா, சேசுவே என்று ஒரு தடவை சொன்னாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். எங்கள் அம்மாவுக்கு ஜெபத்துக்கென்று தனியாக நேரம் கிடையாது, கை ஒரு வேலை செய்யும், வாய் ஜெபம் சொல்லும். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். அதுவரை காத்திருந்தால் சரிப்படாது என்று அவளே முடிவெடுத்தாள்.

"நான் ஆட்டோவும் ரெண்டு ஆளும் கூட்டியாறேன். நீ தலைய மடியில வெச்சு ஒரு பக்கமாத் திருப்பிக்கோ. பேசிக்கிட்டே இரு. குடிக்க மட்டும் தண்ணி குடுத்துடாத, பொறையேறிடும்."

அவள் படியிறங்கி ஓடினாள். நீல வெளிச்சம் மெதுவாக ஆடியது, ஜன்னல் கதவைக் கடற்காற்று அசைத்துக்கொண்டிருந்தது. அத்தாவின் தலை என் மடியில் கனமாக இருந்தது, அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பேசச் சொன்னாளே என்று ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். பிறகு சுற்றிலும் பார்த்தேன். சரிந்து விழுந்த ஒன்றைத் தவிர எல்லாப் பெட்டியும் மூடி, கைப்பிடி மேலே தெரிய, கிளம்பத் தயாராக நின்றது. அத்தா கிளம்புகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே போய், பேப்பர் எங்கே என்று கேட்டால் என்ன செய்வார்? எனக்கு எத்தனை தடவை ஸ்டாம்ப் குத்தி அனுப்பியிருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்புவதா? எனக்கு அழுகையாக வந்தது.

கை எட்டுகிற தூரத்தில் செம்பு. குடிக்கத்தானே கொடுக்கக் கூடாது, தலையில் ஊற்றலாமே. மூன்று தடவை ஊற்றினேன், சிஸ்டர் சொன்னபடியே பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் ஒரு சங்கடம். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தில் உன்னை என்று வரும். பெரியவரை எப்படி உன்னை என்பது? உங்களை என்று மாற்றிக்கொண்டேன். தண்ணீர் நரைத்த முடி வழியாக என் பாவாடையில் இறங்கியது. அத்தா கண் கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போயிட்டு வாங்க அத்தா என்றேன்.

அவர் போகவில்லை. படியில் காலடிகள், ஆட்டோக்காரர், எதிர்க் கடைப் பையன்கள் இரண்டு பேர். ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். ஈரத் தலையைப் பார்த்து அம்மா, தண்ணி குடுத்தியா என்றாள். குடிக்கவே இல்லம்மா என்றேன். அது உண்மைதான்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா கம்பெனிக் கோட்டோடேயே வந்தாள், தலையில் வலைத்தொப்பிகூட அப்படியே இருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி, எதாவது சொன்னாரா என்பது. அம்மாவிடம் கேட்டாள், ஆட்டோக்காரரிடம் கேட்டாள், குனிந்து என்னிடமும் கேட்டாள். வாய் அசைந்தது, என்னவென்று புரியவில்லை என்றாள் அம்மா. ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அப்போதுதான் அக்கா காலைச் சண்டையைச் சொன்னாள். என் அம்மாவை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பேசப்போறதில்லன்னு சொன்னாருக்கா, நான் பேசாதீங்கன்னுட்டேன், வாய அடைச்சிடுச்சுக்கா என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அம்மா அவள் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் இங்க உக்காந்து செபமாலை சொல்லட்டா? உனக்கு ஒரு மாதிரியா இருந்தா சொல்லு, மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

"சொல்லுங்கக்கா. எனக்கு எதுவுமே ஞாபகத்துக்கு வரல."

அம்மா மெல்லிய குரலில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் உதடும் அசைய ஆரம்பித்தது, அது வேறு வார்த்தைகள். ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

உயிருக்கு ஆபத்தில்லை, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். வலது கையும் பேச்சும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். பத்து நாளில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். அக்காவுக்கு லீவு தீர்ந்ததும் பகல் முழுக்க அம்மா அவரைப் பார்த்துக்கொண்டாள். தையல் மிஷினே மாடிக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு சீப்பைக் காட்டி, இது என்ன சொல்லுங்க அண்ணே என்பாள். அவர் சீப்பையே பார்ப்பார். சாவி காட்டுவாள், ஸ்பூன் காட்டுவாள். ஒன்றும் வராது. பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் தைப்பதை நிறுத்தி, அவருக்குக் கை முகம் கழுவிவிட்டு, நாற்காலியை மேற்குப் பார்க்கத் திருப்பிவைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர் தொழுது முடிக்கிற வரைக்கும் உள்ளே போகக் கூடாது. அந்த நேரம் அவள் கையில் செபமாலை உருளும்.

ஒரு நாள் நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டேன். அத்தாவின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

காரணம் எனக்குத் தெரியுமே. ஒரு ஆளுக்கு இரண்டு நேஷனாலிட்டி கிடையாது என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். புதுசு வாங்கினால் பழசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதோடு அது செல்லாது. நான் குத்திய முத்திரை அத்தாவின் பழைய பேப்பரை ரத்து செய்துவிட்டது. அதனால்தான் அவருடைய வார்த்தை அவருக்கு வரவில்லை. எங்கள் ஜெபமும் அவருக்குத் தெரியாது. இப்போது அவர் இரண்டு நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார், எல்லாம் என்னால்.

மறுநாள் வகுப்பில் கை தூக்கினேன். ஞானஸ்நானத்தை அழிக்க முடியுமா சிஸ்டர்? முடியவே முடியாது என்றார், அவ்வளவு சந்தோஷமாக. பிள்ளைக்கு என்ன விசுவாசம் பார் என்று நினைத்திருப்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தினமும் ராத்திரி வேலை விட்டு வந்து அத்தா காலடியில் உட்கார்ந்து, ஒரே ஒரு வார்த்தை அத்தா, திட்டாவது திட்டுங்க என்று கெஞ்சுவாளாம். அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

புதுநன்மைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கு வெள்ளை கவுன் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி. நான் கவுனோடேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செம்பு, மூன்று தடவை, நேஷனாலிட்டி, எதையும் விடவில்லை. அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசி செருகுகிற குட்டித் தலகாணியில் குத்தினாள். அடி விழும் என்று காத்திருந்தேன்.

"அவருக்குப் பேச்சு வராதது நரம்புனால. உன்னால இல்ல, அத விடு. ஆனா அவர கேக்காம ஊத்துன பாரு, அது தப்பு. அது அவருக்குத் தெரியணும். வா மேல."

"கவுனோடவா?"

"கவுனோடதான்."

அக்கா அன்று வீட்டில்தான் இருந்தாள். அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். கவுனைப் பார்த்ததும், ஐ, பாப்பா எவ்ளோ அழகா இருக்கு என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான். அம்மா நின்றுகொண்டே, சுற்றி வளைக்காமல் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை, குழந்தைதானே என்றும் சொல்லவில்லை.

அக்கா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களாக்கா?"

"இல்லம்மா. ஆனா எங்க வீட்டுலயிருந்து போனதுதான் அது. நான் இல்லேன்னு தப்பிக்க முடியாது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். எங்கத்தா சாகக் கெடக்கறாரு, பக்கத்துல நீ ஒருத்திதான் இருக்க, இதுக்குத்தான் இருந்தியா என்றாள். உன்ன எங்கூட்டுப் புள்ளையாட்டம் வெச்சிருந்தாரே என்றாள். குரல் ஏறிக்கொண்டே போனது. நாலு பேர் காதில் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா என்றாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தேன், அம்மா விலகி நின்றுகொண்டாள். நானாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. கவுனில் மூக்கைத் துடைத்தேன். மன்னிச்சிடுங்க அத்தா என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

அக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"தித்...தாத."

முதலில் யார் பேசினார்கள் என்றே தெரியவில்லை. கட்டையான, உள்ளே மாட்டிக்கொண்ட குரல். அத்தா நாற்காலியில் முன்னால் சாய்ந்திருந்தார். இடது கையை அக்காவைப் பார்த்து ஆட்டினார், வாசலில் சத்தம் போடுகிற பிள்ளைகளை அதட்டுகிற அதே ஆட்டல்.

"புள்ளைய... தித்தாத."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தாவின் முழங்காலில் முகத்தை வைத்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். இன்னொரு தடவை சொல்லுங்கத்தா என்றாள், இன்னும் ஒரே ஒரு தடவை. அத்தாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது போல, மறுபடியும் அதையே சொன்னார். இந்தத் தடவை திட்டாத என்று இன்னும் கொஞ்சம் தெளிவாக வந்தது. அக்காவின் அழுகை அதிகமானது. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அழுகிறாள், டேப்பை வாயில் பொத்திக்கொண்டு.

எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு கோபம் வந்திருக்கிறது, நியாயமான கோபம், அதைத் தீர்த்துக்கொள்ள விடாமல் அத்தா தடுத்துவிட்டாரே, யாருக்குத்தான் அழுகை வராது? தப்பு செய்தது நான், இவள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? அம்மா என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள், அவங்க பேசட்டும், வா என்றாள். நான் கையை உருவிக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அத்தாவுக்குக் கேட்காத மாதிரி அவள் காதில் சொன்னேன்.

"பரவால்லக்கா. நீங்க கொஞ்சம் திட்டிக்குங்க."